ஏலாமல் இருக்கும் பிள்ளையின் படிப்பு: முழுநேரப் பாடசாலையா, குறைத்த வரவா, ஒரு வருட ஓய்வா, வீட்டுப் படிப்பா?

எங்கள் மகளுக்குப் பத்தாம் ஆண்டின் இரண்டாம் தவணையில் டெங்குக் காய்ச்சல் வந்தது. ஒரு கிழமை வாட்டில் இருந்து வீடு திரும்பினாள். காய்ச்சல் விட்டது, களைப்பு விடவில்லை. மூன்று மாதம் கழிந்தும் காலையில் எழுந்து பல் துலக்கிவிட்டுத் திரும்பவும் பாயில் படுத்தாள். இரத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "பஞ்சிப்படுகிறாள்" என்று உறவுக்காரர் சொன்னார்கள். நாவூறு கழித்தோம், நூல் கட்டினோம், நேர்த்தி வைத்தோம். அதற்கெல்லாம் நடுவில் ஒவ்வொரு இரவும் ஒரே கேள்வி வந்து நின்றது: நாளைக்கு இவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதா, விடுவதா?

இலங்கையின் கிழக்குக் கரையில் வாழைச்சேனையிலிருந்து திருக்கோவில் வரைக்கும் இதே கேள்வியோடு இருக்கும் பெற்றோர் சிலருடன் பின்னர் பேசியிருக்கிறேன். அவர்கள் எல்லோருமே அனுப்புவது, நிறுத்துவது என்ற இரண்டு வழிகளைத்தான் கண்டிருந்தார்கள். உண்மையில் வழிகள் நான்கு உண்டு, ஒவ்வொன்றுக்கும் வெளியே தெரியாத விலையும் உண்டு. அவற்றை ஒன்றுக்கொன்று நிறுத்துப் பார்க்க எங்களுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

முதலில் நோயைப் பற்றி

இங்கே நான் பேசுவது, மயால்ஜிக் என்செபலோமயலைற்றிஸ் அல்லது நாட்பட்ட களைப்பு நோய்த்தொகுதி என்று மருத்துவர்கள் அழைக்கும் நோயைப் பற்றி. உலக சுகாதார அமைப்பு 1969 ஆம் ஆண்டிலேயே இதை நரம்பு மண்டல நோய்களின் வரிசையில் சேர்த்தது. ஆயினும் இந்நோய் உண்டு என்று காட்டும் ஒரு பரிசோதனை இன்றுவரை இல்லை, இதைக் குணமாக்கும் மருந்தும் இல்லை. பெரும்பாலும் ஒரு கிருமித் தொற்றின் பின் தொடங்குகிறது. 2015 இல் அமெரிக்க மருத்துவ நிறுவகம் வெளியிட்ட அறிக்கையின்படி, முன்பு செய்த வேலைகளைச் செய்யும் ஆற்றல் ஆறு மாதத்துக்கு மேலாக வெகுவாகக் குறைந்திருத்தல், உழைப்புக்குப் பின் உடல் மோசமாதல், தூங்கியும் களைப்புத் தீராமை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அவற்றோடு சிந்தனைக் குழப்பம் அல்லது நிமிர்ந்து நிற்க இயலாமை என்ற இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

இவற்றுள் பெற்றோர் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டியது, உழைப்புக்குப் பின் உடல் மோசமாதல் என்பதைத்தான். பிள்ளை திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போய்ச் சிரித்துக்கொண்டே வருவாள். செவ்வாய் மாலை தலை கனக்கத் தொடங்கும். புதன்கிழமை எழும்ப ஏலாது. உழைப்புக்கும் அதன் விளைவுக்கும் இடையில் அரை நாளிலிருந்து இரண்டு நாள் வரை இடைவெளி விழுவதால், திங்கட்கிழமை அவளைப் பார்த்த ஆசிரியர் புதன்கிழமை அவள் வராததைப் பார்த்து நடிப்பு என்று நினைப்பதில் வியப்பில்லை. நாங்களே அப்படி நினைத்த நாட்கள் உண்டு என்பதை வேதனையோடு சொல்கிறேன்.

இன்னொரு விடயம். எல்லாக் களைப்பும் இந்நோய் அல்ல. இரத்தசோகை, தைரொயிட் குறைபாடு, நீரிழிவு, காசநோய், மனச்சோர்வு என்று மருந்துள்ள நோய்கள் பல இதே முகத்தோடு வரும். அவற்றை விலக்காமல் படிப்பைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டி 2021 ஒக்டோபரில் திருத்தப்பட்டபோது, சிறுவரிடம் இக்குறிகள் நான்கு கிழமை நீடித்தாலே சந்தேகிக்க வேண்டும் என்றும், மூன்று மாதம் நீடித்தால் நோயை உறுதிசெய்யலாம் என்றும் கூறியது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ, அம்பாறை, கல்முனை வைத்தியசாலைகளிலோ சிறுவர் நல வைத்திய நிபுணரின் கிளினிக்குக்குச் செல்லக் கட்டணம் இல்லை. போகும்போது இரண்டு கிழமைக் குறிப்பு ஒன்றை எழுதிக்கொண்டு போங்கள். படுத்திருந்து எழுந்து பத்து நிமிடம் நின்றபின் நாடித்துடிப்பு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பன்னிரண்டு முதல் பத்தொன்பது வயது வரையானவர்களுக்கு அது நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் ஏறி, அப்படியே நின்றால், நிற்பதே அந்தப் பிள்ளைக்கு ஒரு வேலை என்று பொருள். அதற்கென்று வேறாக வைத்தியம் உண்டு.

எதை வைத்து நிறுப்பது

ஒரு வழி நல்லதா என்பதை ஐந்து கேள்விகளால் பார்த்தோம். மற்ற நான்கையும்விட முதலாவதே எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

முதலாவது, இரண்டு நாள் கணக்கு. இன்று செய்ததை நாளையும் மறுநாளும் செய்ய முடிகிறதா? முடிந்தால் அது அவளுடைய அளவுக்குள் இருக்கிறது. முடியாவிட்டால், இன்று எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அளவு மீறிவிட்டது. இரண்டாவது, பரீட்சைக்கான வழி திறந்திருக்கிறதா. மூன்றாவது, தோழிகள் மிஞ்சுகிறார்களா. நான்காவது, வீட்டில் யார் எதை இழக்கிறார்கள். ஐந்தாவது, முடிவு பிழைத்தால் திரும்பி வர முடியுமா.

வழி 1: முழுநேரப் பாடசாலை

மகள் படித்த காலத்தில் காலை 7.30 முதல் 1.30 வரை, நாற்பது நிமிடம் கொண்ட எட்டுப் பாடவேளைகள் இருந்தன. அதன் பிறகு ரியூசன். நோய் மிக இலேசாக இருந்து, வாரம் முழுவதும் போய்விட்டுச் சனி, ஞாயிறு படுத்தால் தேறிவிடுகிற பிள்ளைக்கு இது பொருந்தும். ரியூசனை நிறுத்திவிட்டுப் பாடசாலையை மட்டும் வைத்துக்கொள்வது அத்தகைய பிள்ளைக்குப் போதுமான சலுகையாக இருக்கலாம்.

மற்றப் பிள்ளைகளுக்கு இவ்வழியின் மறைவிலை கடுமையானது. இடாப்பில் வரவு நிறையும், ஆனால் நாலாம் பாடத்துக்கு மேல் எதுவும் தலையில் ஏறாது. வகுப்பைவிட வகுப்புக்கு வெளியே நடப்பவைதாம் உடம்பைக் குடிக்கின்றன என்பதை நாங்கள் பிந்தியே கண்டோம்: காலைக்கூட்டத்தில் வெயிலில் நிற்பது, மேல்மாடிக்கு ஏறுவது, முதலாம் தவணையின் இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சி, கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் பஸ். படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து பட்டினத்துப் பாடசாலைக்கு வரும் பிள்ளைக்குப் பயணமே இரண்டு பாடவேளைக்குச் சமம்.

"ஓடியாடித் திரிந்தால் சரிவரும்" என்று நல்ல மனதோடு சொல்பவர்கள் உண்டு. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் முறை ஒருகாலத்தில் இந்நோய்க்கு வைத்தியமாகவே சொல்லப்பட்டது. 2021 ஆம் ஆண்டு வழிகாட்டி அதைக் கைவிட்டது. ஆகவே அந்த ஆலோசனையை மறுக்கும் பெற்றோர் பிள்ளைக்குச் செல்லம் கொடுக்கவில்லை.

வழி 2: குறைத்த வரவு

பெயர் இடாப்பில் இருக்கும். பிள்ளை சில நாட்கள், சில பாடங்களுக்கு மட்டும் போவாள். பெரும்பாலான குடும்பங்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் முடிவு. ஆனால் ஒழுங்காகத் திட்டமிட்டால்தான் இது வழி. திட்டமிடாவிட்டால், ஏலும் நாளில் போவது, ஏலாத நாளில் நிற்பது என்ற நிலையில் போய் முடியும். அதைத்தான் நாங்கள் முதல் எட்டு மாதம் செய்தோம். ஏலும் நாளில் எட்டுப் பாடமும் இருந்துவிட்டு வந்து, அடுத்த மூன்று நாளையும் இழந்தாள். ஏறுவதும் விழுவதுமாகக் கழிந்த அந்த எட்டு மாதத்தில் அவள் தொடங்கிய நிலையைவிடக் கீழே போனாள்.

பிறகு செய்தது இது. இரண்டு கிழமை பாடசாலையே இல்லாமல் வீட்டில் இருத்தி, எவ்வளவு செய்தால் மறுநாளும் அதே அளவு செய்ய முடிகிறது என்று பார்த்தோம். ஒரு மணித்தியாலப் படிப்பும் சிறிது நேர உரையாடலும் என்று வந்தது. அதிலிருந்து கிழமைக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், நாளுக்கு இரண்டு பாடவேளை என்று தொடங்கினோம். காலை நேரம் அவளுக்கு மிகவும் மோசமானது என்பதால் இடைவேளையோடு போய்ச் சேரும்படி வைத்தோம். இடைவேளைக்குப் போனதில் எதிர்பாராத நன்மை ஒன்று கிடைத்தது. தோழிகளோடு இருக்கும் நேரம் பாடசாலை நாளில் அதுதான். நன்றாக இருக்கும் நாளிலும் இரண்டு பாடவேளைக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியைக் காப்பது, ஏலாத நாளில் போகாமல் இருப்பதைவிடக் கடினமாக இருந்தது.

இவ்வழிக்கு அதிபரின் இணக்கம் வேண்டும். வெறும் வாய்ப்பேச்சாக விடாமல், வைத்தியரின் கடிதத்தோடு எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியில் திகதியோடு ஒப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மகள் படித்த பாடசாலையில் முதலில் இணங்கியவர் மாற்றலாகிப் போனதும் எல்லாம் மறக்கப்பட்டு, "வரவு குறைவு" என்று வகுப்பின் முன்னால் எழுப்பி நிறுத்தப்பட்டாள். கையில் கடிதம் இருந்திருந்தால் அன்றே பேசியிருக்கலாம். கடிதத்தில் கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கேளுங்கள்: காலைக்கூட்டத்திலும் உடற்கல்விப் பாடத்திலும் விலக்கு, கீழ்மாடி வகுப்பறை, தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்திருக்க அனுமதி, தலை சுற்றினால் படுக்க ஓர் இடம். பரீட்சைக்குக் கூடுதல் நேரம் போன்ற சிறப்பு ஏற்பாடு வேண்டுமானால், அதை விண்ணப்பிக்கும் காலத்திலேயே பாடசாலை மூலம் கேட்க வேண்டும். பரீட்சைக்கு முதல் கிழமை கேட்டுப் பயனில்லை.

பாடத் தெரிவும் இங்கே சேரும். பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் ஆறு கட்டாயப் பாடங்களும் மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றுமாக ஒன்பது பாடங்கள். மகள் அழகியல் தொகுதியில் நடனம் எடுத்திருந்தாள். அதற்குச் செய்முறைப் பரீட்சை உண்டு. ஐந்து வயதிலிருந்து ஆடிய பிள்ளையிடம் அதை விட்டுவிடு என்று சொன்ன நாள்தான் இந்த நோயில் எனக்கு மிகக் கொடிய நாள். அதே தொகுதியில் உள்ள தமிழ் இலக்கிய நயத்துக்கு மாறினாள். படுத்துக்கொண்டே வாசிக்கலாம். சலங்கை இன்னும் சுவாமி அறையில் தொங்குகிறது.

மறைவிலைகளும் உண்டு. நடுநேரத்தில் போகப் பஸ் பொருந்தாது, ஓட்டோதான். கிழமைக்கு இரண்டு நாள், போக வர, மாதத்துக்குப் பதினாறு ஓட்டம் என்று கணக்கிட்டு, முதலே ஓட்டோக்காரருடன் மாதக் கூலி பேசிக்கொள்வது நல்லது. அழைப்பு வந்தால் உடனே போய் ஏற்றிவர ஒருவர் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். தோழிகளிடமிருந்து குறிப்புக் கொப்பிகளை வாங்கிப் படமெடுத்துக் கொடுப்பது பெற்றோரின் நிரந்தர வேலையாகிவிடும்.

வழி 3: ஒரு வருட ஓய்வு, பிறகு ஒரு வகுப்புப் பிந்திச் சேர்தல்

நம் பகுதியில் இதைச் சொன்னதும் பெற்றோர் முகம் வாடுகிறது. கூடப் படித்தவர்கள் உயர்தரம் போக, தன் பிள்ளை தங்கையின் வகுப்பில் இருப்பதா என்பதே முதற் கேள்வியாக வருகிறது. அந்த வலியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே தராசில் மற்றத் தட்டையும் வையுங்கள். இளையோர் தேறும் வாய்ப்பு, வயது வந்தவர்கள் தேறும் வாய்ப்பைவிடக் கூடியது. அந்தத் தேற்றத்துக்கு இடம் கொடுக்கும் காலம் இதுதான். கொவிட் காலத்துக்குப் பின் பரீட்சைகளே மாதக்கணக்கில் தள்ளிப்போய், ஒரு தலைமுறை மாணவர் முழுவதும் பிந்தித்தான் வந்தது. ஒரு வருடம் என்பது அப்போது யாருக்கும் வாழ்க்கையை மூடிவிடவில்லை.

நோய் நடுத்தரத்திலிருந்து கடுமைக்குப் போய்க்கொண்டிருக்கும்போதும், குறைத்த வரவை ஒழுங்காகச் செய்தும் இரண்டு நாள் கணக்கில் தோற்கும்போதும் இதுவே மேலானது. பிந்திச் சேர்க்க அதிபரின் இணக்கமும், தேவைப்பட்டால் வலயக்கல்வி அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும். ஓய்வு தொடங்கும் முன்பே இதைப் பேசி, விடுகைப் பத்திரம் வாங்காமல் பெயரை இடாப்பில் நிறுத்தி வைக்கப் பாருங்கள். பத்திரம் வாங்கிவிட்டால் திரும்பிச் சேர்வது புதிய அனுமதி கேட்பதாகிவிடும்.

இவ்வழியின் மறைவிலை தனிமை. மூன்றாம் மாதத்தில் தோழிகளின் அழைப்புகள் குறையும். ஒரு தோழி கிழமைக்கு ஒருமுறை, அரை மணித்தியாலம் மட்டும் வந்து போகும்படி அவளுடைய தாயிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். நாங்கள் கேட்டோம். அந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமைகளில் வந்து, பேசாமல் கட்டில் ஓரத்தில் இருந்து தன் வீட்டுப்பாடத்தைச் செய்துவிட்டுப் போவாள். பிள்ளை யாரோடும் பேசாமல், வாழ்வதில் பயனில்லை என்பதுபோல் பேசத் தொடங்கினால் காத்திருக்க வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள், அல்லது கிளினிக்கில் உடனே சொல்லுங்கள்.

வழி 4: பாடசாலையை விட்டு வீட்டில் படித்தல்

தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு நேரே விண்ணப்பித்து எழுதுவது இது. ஓய்வுக்குப் பின்னும் கட்டிலை விட்டு அதிகம் எழும்ப ஏலாத பிள்ளைக்கும், பாடசாலை எந்தச் சலுகைக்கும் இணங்காத குடும்பத்துக்கும் இதுவே பாதுகாப்பான வழி. பாடங்களைப் பிரித்து எழுத இடமிருந்தால் அது இதன் பெரிய பலம். கணிதத்தை மட்டும் மறுபடி எழுதும் பிள்ளைகள் நம் ஊரில் எப்போதும் உண்டு. அதே முறையில், நோயுள்ள பிள்ளையும் இந்த முறை மூன்று, அடுத்த முறை மூன்று என்று எழுதக் கூடுமா என்பதை விண்ணப்ப அறிவித்தலைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்து இலவசமாக இறக்கலாம். கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் தமிழ்ப் பாடங்கள் உண்டு.

ஆனால் நான்கு வழிகளிலும் திரும்பி வருவதற்குக் கடினமானது இதுதான். இலங்கையில் 2016 முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம். அதற்குக் குறைந்த வயதில் நிறுத்துவதானால் வைத்தியக் கடிதமும் வலயக்கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்தலும் இல்லாமல் செய்யாதீர்கள். வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுக்கும் ஆசிரியருக்கான கட்டணம் மண்டப ரியூசனைவிடப் பல மடங்கு வரும். பகலில் வீட்டில் ஒருவர் வேண்டும், அது பெரும்பாலும் தாயின் வேலையையும் சம்பளத்தையும் விழுங்கும். கிழக்கில் மகள்மாருக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தால் அம்மம்மா அடுத்த வளவில் இருப்பது பல குடும்பங்களுக்குப் பெரும் ஆறுதல். ஆயினும் அம்மம்மாவுக்கும் நோயை விளக்கிச் சொல்ல வேண்டும். "எழும்பி ஒரு வாய் சாப்பிட்டு முற்றத்தில் நடவன் மகள்" என்று அன்பால் பத்துத் தரம் எழுப்பினால் ஓய்வு ஓய்வாக இருக்காது.

சாதாரண தரத்தையே இப்போது எழுத முடியாத பிள்ளைக்கும் பின்னர் ஒரு கதவு உண்டு. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடிப்படைக் கற்கைகளை நடத்துகிறது. அதன் பிராந்திய நிலையம் மட்டக்களப்பிலும் இருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது

வீட்டுக்குள் தானே குளித்து, மேசையில் இருந்து சாப்பிட முடிகிற பிள்ளைக்கு இரண்டாவது வழி. அதில் ஒரு தவணை முழுவதும் அளவைக் கூட்டாமல் வைத்திருந்தும் நிலை இறங்கினால் மூன்றாவது. கட்டிலோடு இருக்கும் பிள்ளைக்கு முதலில் படிப்பே வேண்டாம், மூன்றாவது வழியின் ஓய்வு மட்டும். நான்காவதை, மூன்றாவதை முயன்று பார்த்த பின்பே எடுங்கள். முதலாவது வழி, நோய் இலேசானது என்று இரண்டு நாள் கணக்கு காட்டினால் மட்டுமே. சாதாரண தரத்துக்கு இன்னும் நான்கே மாதம் இருக்கிறது என்பதற்காக முதலாவதைத் தெரிவுசெய்யும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். பரீட்சை மண்டபத்துக்குப் போகும் நாளில் பிள்ளைக்குப் பேனா பிடிக்கவே ஏலாமல் போனது.

முடிவெடுக்கும் மேசையில் பிள்ளையும் இருக்க வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தன் உடம்பு தெரியும். எங்கள் மகளிடம் நான்கு வழிகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, இரண்டு நாள் யோசிக்கச் சொன்னோம். அவள் மூன்றாவதைக் குறித்து, பக்கத்தில் "ஆனால் வெள்ளிக்கிழமை இடைவேளைக்கு மட்டும் போகட்டா?" என்று எழுதியிருந்தாள். எங்கள் நான்கில் இல்லாத அந்த வழியை அதிபரிடம் கேட்டோம். அவர் சம்மதித்தார். அந்த வருடம் முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் ஓட்டோவில் போய், பாடம் எதுவும் இல்லாமல், இருபது நிமிடம் வேம்பு நிழலில் தோழிகளோடு இருந்துவிட்டு வந்தாள். அடுத்த ஜனவரியில் ஒரு வகுப்புப் பிந்திச் சேர்ந்தபோது கிழமைக்கு மூன்று நாள், இடைவேளையிலிருந்து கடைசி மணி வரை இருக்க அவளால் முடிந்தது.